இடது தோளுக்கு ஒரு ஏர் கன்

ஆடித் தேர் நிலைக்கு வந்த மறுநாள் மாலை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் கடைகளை இன்னும் பிரிக்கவில்லை. வளையல் வாங்கப் போன நான் பலூன் சுடும் கடை முன்னால் நின்றுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதுவரை துப்பாக்கி என்ற ஒன்றைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"சுடுதியா?" என்று என் கணவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சரி என்பேன் என்று அவர் நினைக்கவில்லை.

கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்கி, ஒரு குண்டைப் போட்டு நீட்டினார். வாங்கிய கையோடு அதை இடது தோளில் வைத்தேன்.

"அக்கா, அந்தப் பக்கம் இல்ல. வலது தோள்ல வைங்க. இடது கண்ண மூடிக்கோங்க."

சொன்னபடி வைத்தேன். இடது கண் தனியாக மூட மறுத்தது. அதை மூடினால் வலதும் சேர்ந்து மூடிக்கொண்டது. அரைக் கண்ணோடு சுட்டதெல்லாம் பின்னால் கட்டியிருந்த துணியில் போய் விழுந்தது.

"அண்ணாச்சி, என் இஷ்டத்துக்கு ஒரு தடவ சுட்டுக்கிடுதேன்" என்று கேட்டு, மறுபடி இடது தோளுக்கு மாற்றினேன். வலது கண் தானாக மூடியது. ஒரு மஞ்சள் பலூன் வெடித்தது. அடுத்தது அதன் பக்கத்தில் இருந்த சிவப்பு. நின்று பார்த்துக்கொண்டிருந்த யாரோ கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இரண்டு தோளும் என்னுடையதுதானே, ஒன்றுக்குத் தெரிவது இன்னொன்றுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

பிறகு கணவர் சுட்டார். வலது தோள், முறையான நிற்பு எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பலூன்கூட உடையவில்லை.

"குழல் வளஞ்சிருக்கு" என்றார்.

"அதே குழல்லதான நான் சுட்டேன்?"

"உனக்குத் தோதா வளஞ்சிருக்கு."

அவர் ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நூல் மில்களுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பவர். இரும்பில் மயிரிழை வளைவு இருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவர் சொன்னதை என்னால் முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

எனக்கு அதே ஊரில் நைட்டி தைக்கும் யூனிட் இருக்கிறது. தைப்பதற்கு ஆள் உண்டு. துணி வெட்டுவது மட்டும் நான். எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் வலது கையைப் பழக்கிவிட்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். கடையில் கிடைக்கும் கத்தரி வலது கைக்குச் செய்தது. அதை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் நெருங்காமல் விலகும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். இடது கைக்கென்று தனிக் கத்தரி இருக்கிறது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதை வரவழைத்து முதல் வெட்டு வெட்டிய அன்று, இத்தனை வருடமும் நான் மோசமாக வெட்டுகிறவள் இல்லை, கத்தரிதான் எனக்கானதாக இல்லை என்று புரிந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம். எந்தச் சாமானைப் பார்த்தாலும் இதில் வலது கை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் எங்காவது இருக்கும்.

திருவிழா முடிந்த வாரத்தில் ஒரு மதியம் கணவர் சாப்பாட்டுக்கு யூனிட்டுக்கு வந்தபோது கேட்டேன். "அந்த ஏர் கன்ல வலது கை எங்க இருக்கு?"

அவருக்கு இந்த மாதிரிக் கேள்வி பிடிக்கும். மார்க் போடும் சாக்பீஸை எடுத்துக் கட்டிங் மேஜையிலேயே வரைந்தார். உள்ளே தடித்த ஸ்பிரிங் ஒன்று. குழலை மடக்கும்போது அந்த மடக்கு ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டிவிடும். விசையைத் தொட்டால் பூட்டு விடுபடும். ஸ்பிரிங் பாய்ந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றைத் தள்ள, காற்று குண்டைத் தள்ளும்.

"சைக்கிள் பம்பு மாதிரிதான். ஒரே அடியில அடிக்கிற பம்பு."

"இதுல வலது எது, இடது எது?"

படத்தைச் செத்த நேரம் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லட்டி. எல்லாம் நட்ட நடுவுல இருக்கு."

"அப்ப வெளியில?"

"அது கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

இப்படித்தான் ஏர் கன் வாங்குவது என்று முடிவானது. சுடுவதற்கு இடம் இருந்தது. வத்திராயிருப்பைத் தாண்டி பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் என் தம்பிக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை. அந்தப் பக்கம் நடமாட்டமே கிடையாது. போனில் சொன்னதும் தம்பி குதித்தான். "வாங்குக்கா, வாங்கு. கொரங்குத் தொல்லை தாங்க முடியல. எளநி ஒண்ணு விட்டு வைக்க மாட்டேங்குது."

"கொரங்குக்கு இல்லப்பா. பேப்பரச் சுட."

"பேப்பரயா?" என்றான். அவன் என்னை நம்பவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

ராஜபாளையத்தில் நாய்க்குக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும், மீன் தூண்டிலும், ஏர் கன்னும் ஒன்றாக விற்கும் கடை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். கடை முதலாளி வயதானவர், மெதுவாகப் பேசுபவர். இடது கைக்கு வேண்டும் என்றதும் என் கணவரின் கையைப் பார்த்தார்.

"அவுகளுக்கு இல்ல, எனக்கு" என்றேன்.

என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து யாரிடமோ தெலுங்கில் பேசினார். 'எடம செய்யி', அதாவது இடது கை, என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. போனை வைத்துவிட்டு, "இடது கைக்குன்னு தனியா கட்டை போட்டது வெளிநாட்டுல இருந்துதாம்மா வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. இருக்கறதப் பாருங்க" என்று மூன்றைக் கண்ணாடி மேல் பரப்பினார்.

முதலாவது அழகு. தோளில் முட்டும் பின்பகுதி பாலிஷ் போட்ட மரக் கட்டை. தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தேன். கன்னம் வழுக்கியது. திருப்பிப் பார்த்தால், கன்னத்துக்குத் திண்டு மாதிரி ஒரு மேடு செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அது கட்டையின் இடது பக்கத்தில். வலது தோளில் வைப்பவர்களுக்குத்தான் கன்னம் அங்கே படியும். என் கன்னம் படும் பக்கம் மொழுமொழுவென்று இருந்தது.

"இந்தா இருக்கு பாருங்க, வலது கை" என்று கணவரிடம் காட்டினேன். ஒளிந்திருந்தவனைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவதுக்குக் குழல் மடங்காது. பக்கவாட்டில் நீளமாக ஒரு லீவர். அதைப் பின்னால் இழுத்தால் ஸ்பிரிங் ஏறும். லீவர் வலப்பக்கம். குண்டு போடும் வாயும் வலப்பக்கமே. இடது தோளில் வைத்துப் பார்த்தேன். அந்த வாய் என் மூக்குக்கு அருகில் திறந்திருந்தது. என் கணவருக்கு இதுதான் பிடித்துப்போனது. கனமும் அதிகம், வேகமும் அதிகம். லீவர் உட்காரும் விதத்தைப் பார்த்து, "மெஷினிங் என்னமா பண்ணிருக்கான்" என்று தடவிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, பலூன் கடையில் பார்த்தது மாதிரி சாதாரண மடக்குத் துப்பாக்கி. கட்டையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மடக்கியதும் தானாக விசையைப் பூட்டிக்கொள்ளும் சேஃப்டி, பின்னால் சரியாக நடுவில் இருந்தது. எந்தக் கைக் கட்டைவிரலுக்கும் எட்டும்.

"இதுல வலது கையே இல்ல" என்றேன்.

"மடக்கிப் பாருங்கம்மா" என்றார் முதலாளி.

இடது கையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு, குழலின் நுனியை வலது கையால் பிடித்துக் கீழே இழுத்தேன். பாதி வந்தது. அதற்கு மேல் தோளில் சுருக்கென்று ஒரு வலி. கை அப்படியே நின்றுவிட்டது. போன வருடத்திலிருந்து எனக்கு வலது தோள் இறுகிக் கிடக்கிறது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாது. இடது கைக்காரிதானே, வெட்டு வேலைக்கு அது வேண்டாம் என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

அப்போதுதான் அந்த விஷயம் உறைத்தது. இடது தோளில் சுடுகிறவளுக்கு மடக்கும் கை வலது கை. நான் துப்பாக்கி முழுக்க இடது கைக்கு என்ன இருக்கிறது என்றே தேடிக்கொண்டிருந்தேன். வேலை செய்ய வேண்டிய கையை யோசிக்கவே இல்லை.

"இந்தா, நான் மடக்கித் தாரேன், நீ சுடு" என்றார் கணவர்.

"ஒவ்வொரு தடவையும் உங்களக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கவா?"

வாங்காமல் வந்துவிட்டோம். முதலாளி கோபிக்கவில்லை. துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுக்கும் கூடம் ஒன்று ஊரில் இருப்பதாகவும், அங்கே ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வரும்படியும் அவரே வழி சொல்லி அனுப்பினார்.

அங்கே கற்றுக்கொடுப்பவர் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் சுடுவதெல்லாம் வேறு ரகம்; சிலிண்டரில் காற்று அடைத்தது. ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வருகிறவர்களுக்காக ஓரமாக வைத்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைப் பற்றி எதுவும் கேட்காமல் கண்ணைப் பற்றிக் கேட்டார்.

"ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்கக்கா. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல சின்னதா ஒரு ஓட்டை வர்ற மாதிரி சேர்த்துக்கோங்க. அந்த ஓட்டை வழியா அந்தக் கடிகாரத்தப் பாருங்க. ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். பார்வைய எடுக்காம கையை அப்படியே முகத்துக்குக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தேன். ஓட்டை இடது கண்ணில் வந்து நின்றது.

"உங்களுக்கு இடது கண்ணுதான் மூத்த கண். ரெண்டு கண்ணும் பார்க்கும். ஆனா குறி எதுன்னு முடிவு பண்றது அதுதான்."

பலூன் கடையில் இடது கண் ஏன் மூட மறுத்தது என்று எனக்கு அந்த நிமிடம் தெளிந்தது. "நீங்களும் பாருங்களேன்" என்று கணவரிடம் சொன்னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவரும் வேடிக்கைக்குத்தான் கையை நீட்டினார். கடிகாரத்தைப் பார்த்தபடி கையை இழுத்தார். ஓட்டை அவருடைய இடது கண்ணில் போய் உட்கார்ந்தது.

"தப்பாப் பண்ணிட்டேன்" என்று மறுபடி செய்தார். மறுபடியும் இடது.

"சார், உங்களுக்கும் இடதுதான் மூத்தது."

"நான் வலது கைக்காரன்மா."

"கை வலது, கண் இடது. நிறையப் பேருக்கு அப்படி இருக்கும் சார். வலது தோள்ல வெச்சுச் சுட்டா, இடது கண்ண முழுசா மூடாதவரைக்கும் உங்களுக்குக் குறி தள்ளிப் போகும்."

"இத்தன வருசம் லேத்துல அளவு பாத்திருக்கேன். ஒரு நாள் தப்புனதில்ல."

"அது ரெண்டு கண்ணும் திறந்து பக்கத்துல வெச்சுப் பார்க்கறதுல்ல சார்? அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கூடத்துச் சுவரில் இருந்த படங்களைப் பார்க்க நகர்ந்துவிட்டார்.

அந்தப் பெண் என் தோளைப் பார்த்தார். கையைத் தூக்கி நீட்டி இழுத்தால்தான் வலிக்கிறது என்று கண்டுகொண்டார். கட்டையின் அடியை இடது தொடைமேல் ஊன்றி, குழலின் நுனியை வலது கையால் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து உடம்பை நோக்கி இழுக்கச் சொன்னார். தோள் தூங்கிக்கொண்டிருக்க முழங்கை மட்டும் வேலை செய்தது. 'டக்' என்று பூட்டியது.

"குண்டு போட்டு முடிக்கற வரைக்கும் குழல் மேல இருந்து கையை எடுக்கவே கூடாது. விட்டுட்டா சடார்னு மூடிக்கிடும், விரல் போயிரும். அப்புறம், வேகம் அதிகமுள்ளத வாங்காதீங்க. உங்க கை எதை வலிக்காம நாலு தடவ மடக்குதோ அதுதான் உங்க துப்பாக்கி."

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கணவர் வண்டியை நிறுத்தியதும் நான் இறங்கிக் காற்று வாங்கினேன். திரும்பிப் பார்த்தால், கணவர் ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கையையும் நீட்டி, ஓட்டை வழியாகக் கேட்டின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை என்பதுபோல் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அதே கடை. மூன்றாவது துப்பாக்கியிலேயே இன்னும் லேசான ஸ்பிரிங் உள்ளது ஒன்று இருந்தது. தொடையில் ஊன்றி மடக்கினேன். மறுபடி மடக்கினேன். வலி இல்லை.

"இது வேகம் கம்மிம்மா" என்றார் முதலாளி. "தோப்புல மயிலு, கொரங்கு விரட்ட இது பத்தாது."

"அதுக்கெல்லாம் இல்லங்க. பேப்பரச் சுடத்தான்."

அவர் சிரித்தார். "இந்தக் கடையில அப்படிச் சொல்லி வாங்குறது நீங்க ஒருத்தர்தான்." இந்த ரகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லி, ஆதார் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா ஈயக் குண்டோடு கொடுத்தார். குண்டு போடாமல் வெறுமனே சுடக் கூடாது, காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் முட்டி உடைந்துபோகும் என்று கணவர் எனக்குச் சொல்ல, முதலாளி தலையாட்டினார்.

தோப்பில் தம்பி எங்களுக்கு முன்பே தயாராக இருந்தான். மண் கரைக்கு முன்னால் மரப்பெட்டியில் மணல் நிரப்பி வைத்திருந்தான். நான் வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு அதில் ஒட்டினேன். முதல் குண்டுக்குப் பட்டாசு மாதிரிச் சத்தம், குழல் வாயில் புகை, கருகிய எண்ணெய் வாசனை. நான் பயந்துவிட்டேன். "உள்ள இருக்க எண்ணெய் பத்துது. புதுசுல்ல, போகப் போகச் சரியாயிரும்" என்றார் கணவர். அதேபோல் சத்தம் அடங்கியது. ஆனால் குண்டுகள் தாளில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இறைந்து கிடந்தன. நான் விடாமல் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க இன்னும் இறைந்தன.

பயிற்சிக் கூடத்துப் பெண் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது: "பிடிக்காதீங்கக்கா, ஏந்துங்க." உள்ளே பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி பின்னால் ஒரு முறையும் முன்னால் ஒரு முறையும் உதறும். அதை உதற விட்டுவிட வேண்டும். வலது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் கட்டையைச் சும்மா கிடக்க விட்டேன். இடது விரல் விசையைத் தொட்டது. போய்ப் பார்த்தால் குண்டுகள் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் வந்திருந்தன. விட்டுப் பிடித்தால் ஏன் சேர்கிறது என்று கணவரைக் கேட்டேன். அவரும் கரையோரம் உட்கார்ந்து யோசித்தார். கையின் நடுக்கம் ஒவ்வொரு தடவையும் வேறு. துப்பாக்கியின் உதறல் மட்டும் எப்போதும் ஒன்று. அதனால் இருக்கலாம் என்றார்.

தம்பி பொறுமை இழந்துவிட்டான். ஒரு மரத்தின் உச்சியில் குரங்குக் கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா, கொண்டா இங்க. ஒரே ஒரு தடவ."

"தர மாட்டேன்."

"மேல படாமச் சுடுதேன். சத்தத்துக்குப் பயந்து ஓடட்டும்."

"சத்தம் வேணும்னா வெடி வாங்கிப் போடு. குண்டு எங்க போய் விழும்னு உனக்குத் தெரியுமா? நான் இத்தன நேரம் அசையாத தாளையே சரியாச் சுட முடியாம நிக்கேன்."

"நட்டம் உனக்கா எனக்கா? ஒரு மாசத்துக்கு எம்புட்டுக் காய் போகுது தெரியுமா?"

"போகுது, இல்லன்னு சொல்லல. அதுக்கு இது இல்ல. உயிருள்ளது எதுக்கு நேராவும் இத நீட்ட விட மாட்டேன். நீட்டணும்னா நீ தனியா வாங்கிக்கோ."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டான். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் கஷ்டம் பொய்யில்லை. ஆனாலும் துப்பாக்கியை விடவில்லை. சற்று நேரத்தில் சத்தம் கேட்டுக் கேட்டு அவனே வந்து நின்றான். "சரி, அந்தப் பேப்பரையாவது சுடுதேன், தா" என்றான். கொடுத்தேன். முதல் குண்டே வட்டத்துக்குள். அதற்குப் பிறகு அவனை நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது. நாங்கள் மூவரும் பெட்டிமேல் குனிந்து எந்த ஓட்டை யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, குரங்கு ஒன்று இறங்கி, வரும் வழியில் வ. புதுப்பட்டியில் வாங்கிவந்த வாழைப்பழச் சீப்பைப் பையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் சிரித்தவன் தம்பிதான்.

கணவர் அன்றைக்கு வலது தோளில்தான் சுட்டார். எல்லாம் வட்டத்துக்கு ஒரு பக்கமாகவே விழுந்தன. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே. ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு, தம்பி மனைவியோடு பேசிவிட்டு மோட்டார் ரூமிலிருந்து வந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கி இடது தோளில் இருந்தது. கால்களை மாற்றி வைத்துப் பார்த்தார். சரிப்படாமல் மறுபடி மாற்றினார். புதிதாக நடக்கப் பழகுகிற மாதிரி இருந்தது. சுட்டார். எட்டிப் பார்த்தார். திரும்பவும் மடக்கினார்.

நான் பக்கத்தில் போனதும், "சும்மா, கட்டை ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கான்னு பாத்தேன்" என்றார்.

"இருக்கா?"

"இருக்கு."

இப்போது அவர் இடது தோளில் மட்டும்தான் சுடுகிறார். விசையை இழுக்கும் விரல் இன்னும் அவருக்குச் சரியாகப் பழகவில்லை, சில நேரம் இடறுகிறது. அப்படியும் அவருடைய குண்டுகள் என்னுடையதைவிட நெருக்கமாக விழுகின்றன. பிறந்ததிலிருந்து இடது கைக்காரி நான், மூன்று மாதத்து இடது தோள்காரர் அவர். இது எப்படி என்று பயிற்சிக் கூடத்துப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். புதிதாகப் பழகுகிறவர்கள் சொன்னதை அப்படியே செய்வார்கள், கெட்ட பழக்கம் எதுவும் அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது, அதனால் இருக்கலாம், ஆனால் நிச்சயமாகத் தெரியாது என்றார். அப்படியானால் என்னுடைய கெட்ட பழக்கம் எது என்று கேட்டேன். நேரில் வந்து சுட்டுக் காட்டுங்கள் என்றார். இந்த வாரம் போகிறேன்.